தோற்றவர் போடும் கட்டன்

எங்கள் வீட்டில் காலைக் கட்டன் போடுவது என் கணவர். நான்கு வருடமாக அப்படித்தான். கட்டன் என்றால் பால் விடாத தேநீர். மலையாளத்திலிருந்து வந்த சொல்தான், ஆனால் எங்கள் லயத்தில் யாரும் அதை வேறு பெயர் சொல்லிக் குடித்ததில்லை. இடுக்கி மலையில் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் தோட்டத்து லயம் எங்களுடையது. முதல் வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். ஆம்பளை அடுப்புப் பற்றவைக்கிறார், பொம்பளை போர்வைக்குள் கிடக்கிறாள் என்ற சேதி பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. "குடுத்து வச்சவ" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதும் எனக்குத் தெரியும், சுவர் மெல்லிசு.

அந்தக் கட்டன் பாசத்தில் போடுவதல்ல, பந்தயத்தில் தோற்றுப் போடுவது என்பது மட்டும் அவர்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

தமிழ்ச் சேனல் ஒன்றில் தினமும் மாலை ஏழரைக்கு ஒரு வினாடி வினா வரும். மூன்று பேர் வந்து நிற்பார்கள். இரண்டு சுற்றில் இரண்டு பேர் கழன்றுகொள்ள, மிஞ்சியவருக்குக் கடைசிச் சுற்று. அதில் நேரடியாகக் கேள்வி கேட்க மாட்டார்கள். நாலைந்து வரியில் ஒரு குறிப்பு கொடுப்பார்கள். அது எதைச் சொல்கிறது என்று முப்பது நொடிக்குள் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். முதல் இரண்டு சுற்றைப் புத்தகம் படித்தவர்கள் சமாளித்துவிடலாம். கடைசிக் குறிப்பு அப்படியல்ல. நமக்கு நன்றாகத் தெரிந்த பொருளையே, நாம் பார்த்திராத பக்கமிருந்து காட்டுவார்கள். படித்த மனிதர்கள் அங்கேதான் குப்புற விழுவார்கள், அதைப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நான் கொழுந்து எடுக்கிறவள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தேன். அதற்கப்புறம் கல்யாணம், அதற்கப்புறம் கொழுந்துப் பை. அதைப் பற்றி இங்கே உட்கார்ந்து புலம்பப்போவதில்லை. ஆனால் தெரிந்த விடையை வாய்க்குள் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து குறிப்பை வாசித்து முடிப்பதற்குள் விடையைக் கத்துவேன். என் கணவர் ஒருநாள் சொன்னார், "நீ கத்திட்டா நான் எப்பிடி யோசிக்கிறது? எனக்கும் ஒரு மண்டை இருக்குல்ல."

அவர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். கவாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கிளையெல்லாம் கழித்து மட்டமாக வெட்டிவிட்டால்தான் திரும்பத் தளிர் வரும். அந்த வெட்டுக்குப் பெயர் கவாத்து. கத்தியைச் சரிவாக வைத்து ஒரே வீச்சில் வெட்ட வேண்டும், கிளை பிளந்தால் செடி கெட்டுப்போகும். எங்கள் டிவிஷனில் அவர் கைக்கு ஈடு கிடையாது. கத்தியைப் பிடித்த கைக்குப் பென்சில் மட்டும் பிடிபடாது.

அன்றைக்குத்தான் பந்தயம் ஆரம்பித்தது. தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து இரண்டாக்குவோம். ஆளுக்குப் பாதி. குறிப்பு வந்ததும் பின்பக்கத்தில் விடையை எழுதிக் கவிழ்த்து வைத்து, இரண்டையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். தோற்றவர் மறுநாள் கட்டன் போட வேண்டும். இரண்டு பேரும் தப்பு என்றால், அல்லது இரண்டு பேரும் சரி என்றால், நேற்றுப் போட்டவரே போட வேண்டும். முதல் நாளே அவர் தோற்றார். மறுநாளிலிருந்து அவர்தான்.

அவருடைய விடைகள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். மிருகம் என்றால் எதற்கும் யானைதான். "மூன்று இதயங்கள், நீல ரத்தம், எலும்பே இல்லை" என்று ஒரு குறிப்பு வந்தது. நான் ஆக்டோபஸ் என்று எழுதினேன். அவர் தாளைத் திருப்பினால் யானை. "எலும்பு இல்லாத யானையா?" என்று கேட்டேன். "அவ்வளவு பெரிய ஒடம்புக்கு ஒரு இதயம் பத்துமா? நான் அதோட நிப்பாட்டிட்டேன், எலும்பு வரைக்கும் போகல" என்றார். இன்னொரு நாள், "இங்கே ஒரு நாள் என்பது ஒரு வருடத்தைவிட நீளமானது" என்று குறிப்பு. வெள்ளிக் கோள் என்று நான் எழுதினேன். அவர் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: நம்ம மலை. ஆனி ஆடி மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு மலையில் நின்றவர்களுக்கு அது தப்பான விடை இல்லைதான். நான் அதற்கு மார்க் கொடுக்கவில்லை.

அவர் தோற்றால் முகம் சுருங்காது. "சாரமில்ல புள்ள" என்பார். மலையாளத்துக்காரர்கள் பரவாயில்லை என்பதற்குச் சொல்வது. எங்கள் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. கால் வழுக்கிக் கீழே விழுந்தாலும் சாரமில்ல, சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனாலும் சாரமில்ல. தோற்றதும் அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பை ஊதுவார்.

ஆனால் அவருக்கு ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு விஷயத்தில்தான் அதைக் கண்டுபிடித்தேன். ஒரு விடுமுறை நாளில், பகலில் பக்கத்து வீட்டு அக்கா செல்போனில் அன்றைய நிகழ்ச்சியை முன்கூட்டியே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வரப்போவது மத்தியானமே அதில் வந்துவிடுமாம். கடைசி விடை தாழம்பூ. எனக்கு ஒரு யோசனை வந்தது. சோறு போடும்போது சும்மா பேசுகிற மாதிரி தாழம்பூவைப் பற்றி இழுத்தேன். எங்கள் அம்மா தலையில் வைப்பாள், பாம்பு வரும் என்பார்கள், என்று ஏதேதோ. மாலையில் குறிப்பு வந்தது. நான் வேண்டுமென்றே மல்லிகை என்று எழுதிக் கவிழ்த்தேன். அவர் எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"மத்தியானம் நீ சொன்னதுதான இது?"

நான் டிவியைப் பார்த்தேன். அவர் தாளைத் திருப்பவே இல்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லிக் குடுத்து ஜெயிக்க வைக்காத புள்ள. எனக்குத் தானா ஒரு நாள் தெரியும். அன்னைக்கு நீ எந்திரிச்சுக் கட்டன் போடு."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நான்கு வருடத்தில் அவர் சாரமில்ல என்று சொல்லாத ஒரே நாள் அதுதான். அதற்கப்புறம் நான் விட்டுக்கொடுக்க முயன்றதே இல்லை. யானை வந்தால் யானை, தோற்றால் கட்டன்.

என்னை நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தது எங்கள் மகள். பாலக்காட்டில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அங்கே கூடப் படிக்கிற பெண்கள் கோயம்புத்தூர்த் தமிழ் பேசுவார்கள் போலிருக்கிறது, போனில் "ஏனுங்கம்மா, நீங்க போங்கம்மா, தெகிரியமாப் போங்க" என்றாள். அவளுடைய அப்பா அதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தார். மதுரையில் வைத்து ஒரு தேர்வு நடத்தினார்கள். நூற்றுக்கணக்கில் வந்திருந்தார்கள், எனக்கு இடம் கிடைத்தது. அதிலிருந்து சென்னைக்குப் போகும் வரை மூன்று மாதம் நான் மனுஷியாக இல்லை. பொது அறிவுப் புத்தகம் நாலு வாங்கினேன். கொழுந்து எடுக்கும்போது தலைநகரங்கள், எடைபோட நிற்கும்போது ஆறுகள், சமைக்கும்போது தனிமங்கள்.

மாலையில் அவர் வேலைக்கதை சொல்வது வழக்கம். கவாத்துக்காரர்களுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. பாறை இடுக்கில் ராஜநாகத்தைப் பார்த்தது, மூடுபனியில் வழி தப்பியது. எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேல் டிவிஷனில் ஓடைக்கு அந்தப் பக்கம் எதையோ வெட்டப் போனார்களாம், அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு தின்றார்களாம். கல்யாணமான நாளிலிருந்து அதை ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறார். நான் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. அந்த மூன்று மாதத்தில் அவர் வாயைத் திறந்தாலே "ம், ம்" என்று புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். ஒரு மாலை, "நீ கேக்கல" என்றார். "கேட்டுட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை, ஆப்பிரிக்க நாடுகள் பாக்கி இருந்தன.

சென்னைக்கு இருவரும் போனோம். கூட வருகிற ஒருவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுவார்கள். கை இரண்டும் மடியில் இருக்க வேண்டும், உதடு அசையக்கூடாது, சாடை காட்டினால் ஆட்டம் ரத்து என்று அவரிடம் நாலு தடவை சொன்னார்கள். வெள்ளைச் சட்டை கேமராவுக்கு ஆகாது என்று அவர் புதிதாக வாங்கிய சட்டையைக் கழற்றச் சொல்லி, யாருடையதோ ஒரு ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிவிட்டார்கள். தோள் இரண்டும் தொங்கியது. "நல்லா இருக்கா?" என்று கேட்டார். "கலங்கப்படாத, ஒனக்குத் தெரியாதது என்ன இருக்கு" என்றும் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டே சட்டைப் பித்தானைத் தப்பான துளையில் மாட்டினார்.

நிகழ்ச்சி நடத்துகிறவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஆரம்பத்திலேயே என் வாயைக் கிளறினார். "கேரளாவுல இருந்து வந்து எவ்வளவு அழகா தமிழ் பேசுறாங்க பாருங்க" என்றார். கைதட்டினார்கள். நாலு தலைமுறையாக வேறென்ன பேசினோம் என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். அடுத்து, கொழுந்து எப்படிப் பறிப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். முன்னால் செடியும் இல்லை, ஒன்றும் இல்லை. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வெறும் காற்றில் இரண்டு கையாலும் பறித்துக் காட்டினேன். இப்போது கத்தரியில்தான் எடுக்கிறோம் என்றேன், அது யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் கைதட்டினார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. சரி, தேயிலையை வேடிக்கைக்கு வைத்துக்கொண்டார்கள், விளையாட்டு இனிமேல்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் தோற்றது அந்த நினைப்பில்தான்.

முதல் இரண்டு சுற்றும் பயமில்லாமல் போனது. ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். இரண்டு பேரும் கழன்றார்கள். நான் மட்டும் நின்றேன். விளக்கையெல்லாம் குறைத்து என் மேல் ஒன்றை மட்டும் வைத்தார்கள். எதிரே ஒரே இருட்டு, முதல் வரிசையில் ஆரஞ்சு நிறம்கூடத் தெரியவில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர் குறிப்பை வாசித்தார்.

"தன் போக்கில் விட்டால் இது முப்பது அடிக்கு மேல் வளரும். நூறு வயதையும் தாண்டும். வெள்ளையாகப் பூக்கும். ஆனால் மனிதன் தன் தோட்டத்தில் இதை இடுப்புக்கு மேல் வளர விடுவதில்லை. இது எந்த மரம்?"

முப்பது நொடி. மரம் என்றதும் என் மனசு நேராகப் புத்தகத்துக்கு ஓடியது. ஜப்பானில் மரங்களைத் தொட்டியில் வைத்து, வேரையும் கிளையையும் நறுக்கிக் குட்டையாகவே வளர்ப்பார்கள். போன்சாய். மூன்றாவது புத்தகத்தில், வலது பக்கம், கீழே ஒரு படம், தொட்டியில் ஒரு குட்டி ஆலமரம். நூறு வயது சரி. உயரம் சரி. ஆலமரத்துக்கு வெள்ளைப் பூ ஏது என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆலமரம் என்று எழுதினேன். அழகாக, புள்ளி சுழியெல்லாம் போட்டு எழுதினேன்.

நடத்துகிறவர் என் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க தெனமும் தொடுறதுதான். தேயிலை" என்றார்.

கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஐயோ" என்றது.

மழை விட்டதும் என் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வருகிற பூ. வெள்ளை, நடுவில் மஞ்சள். இருபத்திரண்டு வருடமாக அந்தச் செடி என் இடுப்பில்தான் உரசுகிறது. அது என் மனசில் வரவே இல்லை. எங்களுக்கு மரம் என்றால் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்தான், தேயிலை வெறும் செடி என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. எங்கள் மலையில் இருக்கிற ஒன்றை டிவியில், கடைசிச் சுற்றில், இத்தனை விளக்குப் போட்டு ஒருத்தர் கேட்பார் என்று என் புத்திக்கு எட்டவில்லை. கேட்கத் தகுந்ததெல்லாம் தூரத்தில்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆறுதல் பரிசாக ஒரு பை நிறைய மசாலாப் பொடி கொடுத்தார்கள். அதில் ஏலக்காய்ப் பொடியும் இருந்தது. இடுக்கிக்காரிக்கு ஏலக்காய்!

திரும்பி வரும்போது தேனி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். போடி மெட்டு ஏறும்போது அழ ஆரம்பித்தேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். அவர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"ஏங்க, ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கு எங்க தெரியும்? நானும் ஆலமரம்னுதான் நெனச்சேன்."

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று இன்றைக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே அவர் மேல் பாய்ந்தேன். "நல்லா இருக்கு போங்க. நானாவது தளிரத்தான் பாக்குறேன். நீங்க அடிமரத்தையே வெட்டுறவரு. ஒங்களுக்கே தெரியல!" அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "என்ன செய்ய, அந்த நேரத்துக்கு வரல" என்றார்.

முடிவை வெளியில் சொல்லக்கூடாது என்று சென்னையில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். லயத்தில் அது நடக்கிற காரியமா? பஸ்ஸை விட்டு இறங்கிய முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். என்ன கேட்டார்கள் என்பதும் இரண்டு நாளில் வெளியே வந்துவிட்டது. மலையில் நான் போகிற நிரையில் எல்லாம் ஒரே சிரிப்பு. "தேயிலைக்காரிக்குத் தேயிலை தெரியலையாம்." அப்போது நான் ஒரு கேடயம் வைத்திருந்தேன். "கவாத்து வெட்டுற மனுசனுக்கே தெரியலயாம், எனக்கு எப்பிடித் தெரியும்? போய் அவரக் கேளுங்க" என்பேன். சிரிப்பு அப்படியே அவர் பக்கம் திரும்பிவிடும். பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் எல்லோரையும் வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தில், கங்காணி அவரைப் பார்த்து, "என்னப்பா, இன்னைக்கு ஆலமரக் கவாத்துக்குப் போறியா?" என்று கேட்டார். நானும் நின்றுகொண்டிருந்தேன், நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு மாதம் இப்படிப் போனது. மாலையில் பந்தயமும் நடந்தது, காலையில் கட்டனும் வந்தது.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. லயமே எங்கள் வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேதக்காரர், ஏழு மணிச் செபமாலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு முதல் ஆளாக வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். என் கணவர் மட்டும் உட்காரவில்லை. விறகு பிளக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னார். "ஒங்க ஆரஞ்சுச் சட்டையப் பாக்காமப் போனா எப்பிடிண்ணே?" என்று அக்கா சத்தம் போட்டார். அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

வெறும் காற்றில் நான் கொழுந்து பறித்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியர் கழன்றபோது விசில் அடித்தார்கள். கடைசிக் குறிப்பு வந்தபோது வாசலில் யாரோ நகர்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

டிவியில் அந்த மனிதர் வாசிக்கிறார். "தன் போக்கில் விட்டால் இது முப்பது அடிக்கு மேல் வளரும்." என் முகம் வருகிறது, அடுத்து ஆரஞ்சு நிறச் சட்டை வருகிறது. மடியில் கை இரண்டும். "வெள்ளையாகப் பூக்கும்" என்று வாசிக்கும்போது என் கணவர் முகம் மலர்ந்தது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மகள் பிறந்த அன்று அடிமாலி ஆசுபத்திரி வராந்தாவில் பார்த்த சிரிப்பு அது. வலது கை மடியை விட்டு எழுந்தது. உள்ளங்கையைப் படுக்கையாக இடுப்புக்கு நேரே வைத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். ஒரு நொடிதான். உடனே நினைவு வந்து, அந்தக் கையைத் தொடைக்கு அடியில் சொருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் இருட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

"அந்தா, கவாத்து வெட்டுறாரு பாரு!" என்று அக்கா கத்தினார். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். டிவியில் நான் புள்ளி சுழி போட்டு ஆலமரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் எழுந்து வெளியே போனேன். அவர் குழாயடியில் நின்று, நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அவரு வாசிச்சு முடிக்கிறதுக்கு முந்தியே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ அழுதுக்கிட்டு இருந்த. அந்த நேரத்துல எனக்குத் தெரியும்னு சொல்றதா?"

"ரெண்டு மாசம் ஊரு பூராவும் ஒங்கள முட்டாளாக்கிட்டேனே. அந்தக் களத்துல நானும் நின்னு சிரிச்சேனே."

"சாரமில்ல புள்ள. ஒனக்கு அது ஆறுதலா இருந்துச்சுல்ல."

குழாயை நான்தான் மூடினேன். நான்கு வருடம் காத்திருந்து, தானாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவருக்குத் தெரிந்த ஒரே குறிப்பு. அந்த ஒன்றைத்தான் அவர் போடி மெட்டு பஸ்ஸில் என் கையில் துண்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நான் அதை வாங்கி மூக்கைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். இத்தனை பொது அறிவு படித்தவளுக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவரைப் பற்றி ஒரு வரி தெரியவில்லை.

மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, நான்கு வருடத்தில் அவர் தன் வசதிக்கு இடத்தை மாற்றி வைத்திருந்தார். விறகு ஈரம். ஊதி ஊதி நெஞ்சு அடைத்தது. இதை ஒரு வார்த்தை பேசாமல் தினமும் செய்திருக்கிறார். தண்ணீர் அளவுக்கு மேல் கொதித்துவிட்டது, கட்டன் கறுத்துப்போனது. டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோனால் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார், தூங்குகிற மாதிரி நடிக்கக்கூட அவருக்குத் தெரியாது.

"என்ன இது?"

"ஒங்களுக்குத் தானாத் தெரிஞ்ச நாளு. நான்தான் போடணும்."

அவர் டம்ளரை வாங்கி ரொம்ப நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். "கசக்குது" என்றார். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. மீதியையும் குடித்தார், அடியில் கிடந்த தூள் வரைக்கும் குடித்தார்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் எது மேல ஏறி உக்காந்து சோறு தின்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கையில் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். இல்லை.

"தேயில மரந்தான். வெள்ளக்காரன் காலத்துல வெதைக்குன்னு வெட்டாம விட்டது. மூணு ஆளு ஒசரம் இருக்கும். அத எடுத்துட்டுப் புதுசு வைக்கணும்னு எங்கள அனுப்புனாங்க. மேல ஏறிக் கெளையக் கழிச்சோம். மத்தியானம் எறங்க சோம்பல்பட்டு அங்கேயே உக்காந்து சாப்பிட்டோம். பூவு எல்லாம் சோத்துல விழுது. அங்க இருந்து கீழ பாத்தா நம்ம மலை பூராத் தெரியுது புள்ள. அது வரைக்கும் அத நான் செடின்னுதான் நெனச்சேன். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அத்தனையும் மரம். ஒண்ணு பாக்கியில்லாம நம்மதான் இடுப்போட வெட்டி நிப்பாட்டி வச்சிருக்கோம். சோறு தின்னுட்டுக் கத்திய எடுக்க எனக்கு மனசு வரல."

பிரட்டுக்கு மணி அடித்தது. அவர் வழக்கம்போல அவசரமாக எழுந்து துண்டைத் தேடினார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அப்புறம்?" என்றேன்.